நீங்கள் படித்ததைச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் கிளை நூலகர்களுக்கும் ஊர்ப்புற நூலகர்களுக்கும் ஒரு வாசகரின் திறந்த மடல்



நம் நூலகச் சுவர்களில் எதற்கெல்லாம் இடம் கிடைத்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். புரவலர் பெயர்ப்பலகை இருக்கிறது. 'அமைதி காக்கவும்' இருக்கிறது. வேலை நேரம், விடுமுறை நாள், சந்தா, தாமதக் கட்டணம் எல்லாம் இருக்கின்றன. திருவள்ளுவர், ரங்கநாதன், அந்தந்தக் காலத்துத் தலைவர்கள் படமாக இருக்கிறார்கள். 'இதை எடுத்துப் படித்துப் பாருங்கள்' என்று ஒரு புத்தகத்தைக் காட்டும் வரி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. கட்டடம் முழுக்கப் புத்தகம். சுவரோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறது.

என் கோரிக்கை சிறியது. உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். நீங்கள் படித்து, உங்களுக்குப் பிடித்த ஏழெட்டுப் புத்தகங்களை முன்னட்டை தெரியும்படி நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் நாலு வரிச் சீட்டு. அந்தக் கதை படமாக வந்திருந்தாலோ, அதோடு சேர்த்துப் பார்க்கத் தகுந்த படம் இருந்தாலோ அதன் பெயர். கடைசியில் உங்கள் பெயர்.

சிறுவர் பகுதியைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே கதை சொல்லல், ஓவியப் போட்டி, கோடை முகாம் என்று ஏதாவது நடக்கிறது. பெரியவர்களைத்தான் 'அவர்களே தேடிக்கொள்வார்கள்' என்று விட்டுவிட்டோம். அவர்கள் தேடுவதில்லை. பத்திரிகை படித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அல்லது போன மாதம் எடுத்த அதே எழுத்தாளரின் இன்னொரு நாவலை எடுத்துக்கொள்கிறார்கள்.

கோரிக்கையின் இரண்டாம் பாதிதான் இந்த மடலுக்குக் காரணம். அந்த ஏழெட்டில் பாதியாவது, உங்கள் ஊர் வாசகர் கால் வைக்காத தெருவிலிருந்து வந்த புத்தகமாக இருக்கட்டும்.

பன்முகத்தன்மை என்று மேடையில் யாராவது சொன்னால் நமக்கு உடனே ஆப்பிரிக்காவும் லத்தீன் அமெரிக்காவும் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலத்தெருக்காரர் ஐம்பது வருடம் ஒரே ஊரில் வாழ்ந்துவிட்டு, காலனிக்குள் ஒருமுறைகூடப் போகாமல் செத்துப்போக முடியும். பள்ளிவாசல் தெருவில் மளிகை வாங்குகிறவருக்கு அந்த வீடுகளின் உள்கட்டு தெரியாது. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் மட்டும் ஊருக்குள் வரும். திருநங்கையைக் கடைவீதியில் பார்த்திருப்போம். அவர் எந்த வீட்டில் பிறந்தார், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டிருக்க மாட்டோம். இந்தத் தெருக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிக்கும் இடம் ஊரில் நூலகம் ஒன்றுதான். டீக்கடையில்கூடத் தனித் தம்ளர் வைத்த நாடு இது. அந்த பெஞ்சுக்கு ஆறடி பின்னால், அலமாரியில், அத்தனை தெருக்களின் கதையும் நிற்கிறது. நூலக ஆணையில் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு அடுக்கியது நீங்கள்தான்.

அந்தக் காசும் எல்லாத் தெருவின் காசு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. ஓட்டு வீட்டுக்கும் உண்டு, மாடி வீட்டுக்கும் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் ரங்கநாதன். ஆகஸ்ட் 12இல் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவருடைய ஐந்து விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் இரண்டாவதை எல்லாரும் சொல்வார்கள்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது விதியில் கொஞ்சம் தடுமாறுவார்கள்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். 1931இல் எழுதிய புத்தகத்தில், இந்த மூன்றாம் விதியை நிறைவேற்ற அவர் முதன்மையாகச் சொன்ன வழி திறந்த அலமாரி. வாசகர் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்றார். அது அன்றைக்குப் பெரிய பாய்ச்சல். இன்றைக்கு அலமாரி திறந்துதான் கிடக்கிறது. புத்தகம் முதுகைக் காட்டி நிற்கிறது. முதுகில் ஒட்டிய காகிதம் தலைப்பில் பாதியை மறைத்திருக்கிறது. அது யாருக்கான நூல் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

உங்கள் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் போட்டித்தேர்வுப் பிள்ளைகளைப் பாருங்கள். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தமிழ் நாவல் எது என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'சாய்வு நாற்காலி, தோப்பில் முஹம்மது மீரான்' என்பார்கள். ஆண்டு, ஆசிரியர், விருது எல்லாம் மனப்பாடம். அந்த நாவல் அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். பரம்பரைப் பெருமையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத ஒருவர், நாக்கு ருசிக்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் கதை. சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அது ஒரு மதிப்பெண் விடை என்பதற்கு மேல் யாரும் அவர்களிடம் எதுவும் சொன்னதில்லை. 'குரூப் ஃபோரில் இந்தக் கேள்வி வரும். அதற்குள் பக்கம் 1 முதல் 20 வரை படித்துவிடு' என்று நீங்கள் ஒரு சீட்டு எழுதி வைத்தால், பத்துப் பேர் சிரிப்பார்கள், ஒருவர் எடுப்பார்.

வெளிநாட்டு நூலகங்களில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் 2013 முதல் பொது நூலக ஊழியர்களே தேர்ந்தெடுத்து மாதம் பத்துப் புதுப் புத்தகங்களின் பட்டியலை வெளியிடுகிறார்கள். எனக்குப் பட்டியல்மேல் பெரிய மோகம் இல்லை. பட்டியலுக்கு முகம் கிடையாது. சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் வேலை பார்த்த நான்சி பேர்ல் செய்ததுதான் நமக்கு உதவும். ஊரே ஒரு நாவலைப் படித்துப் பேசினால் என்ன என்று 1998இல் அவர் தொடங்கிவைத்தார். முதலில் எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸின் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'. பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிற்றூரின் கதை. முந்தைய ஆண்டுதான் ஆட்டம் எகோயன் அதைப் படமாக எடுத்திருந்தார். நாவலும் படமும் கைகோத்து வந்தது அங்கேயே தொடங்கிவிட்டது. (பின்னாளில் இந்த அம்மாவை வைத்துப் பொம்மை செய்து விற்றார்கள். பொத்தானை அழுத்தினால் விரலை உதட்டில் வைக்கும். நூலகர் என்றாலே சத்தம் போடாதே என்பவர்தான் என்ற நினைப்பு அங்கேயும் போகவில்லை.)

அவர் சொன்ன இரண்டு விஷயங்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, வாசகர் புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு: கதை, மனிதர்கள், இடம், மொழி. ஒருவருக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால், அவர் எந்த வாசல் வழியாக வருகிறவர் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, ஐம்பது பக்கம் படித்துப் பிடிக்கவில்லையென்றால் மூடிவிடலாம், தப்பில்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இன்னும் சலுகை: நூறிலிருந்து வயதைக் கழித்து, மிச்சம் எத்தனையோ அத்தனை பக்கம் போதும். எழுபது வயதுப் பெரியவர் முப்பது பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதை உங்கள் தட்டின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். படிக்க ஆரம்பித்துவிட்டால் முடித்தே தீர வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பயம்தான் பலரைப் புதுப் புத்தகத்தின் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது.

இனி, சீட்டில் என்ன எழுதுவது என்ற விஷயம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 'தலித் இலக்கியம்', 'இஸ்லாமிய வாழ்வியல்', 'மூன்றாம் பாலினம்', 'விளிம்புநிலை' என்று தலைப்பு போடாதீர்கள். ஆய்வு மாணவருக்கு அது உதவும், சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற வாசகருக்கு உதவாது. தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில், தனக்கு இது சம்பந்தமில்லை என்று பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் கடமையாக நினைத்து எடுத்து, கடமையாகவே திருப்பித் தருவார்கள். ஊரில் தெருவைப் பிரித்தது போதாதென்று அலமாரியிலும் பிரிப்பானேன்? கதையைச் சொல்லுங்கள். வாசகர் உள்ளே போய்த் தெருவைப் பார்த்துக்கொள்வார்.

ராஜேஷ்குமார் நாவல்களை விடாமல் படிக்கிறவர் உங்களிடம் கட்டாயம் இருப்பார். அவருக்குப் பூமணியின் 'வெக்கை'. சீட்டு இப்படி இருக்கலாம்: "அண்ணனைக் கொன்னவனைப் பதினஞ்சு வயசுப் பையன் வெட்டிட்டு ஓடுறான். அப்பாவும் கூடப் போறார். எட்டு நாள், காடு மேடெல்லாம். போலீஸ் வருமா, ஆள்கள் வருவாங்களான்னு திக் திக்னு இருக்கும். 'அசுரன்' படம் இதிலிருந்துதான். படத்தில் உள்ள பாதி கதை புத்தகத்தில் கிடையாது, புத்தகத்தில் உள்ள அமைதி படத்தில் கிடையாது." படத்தைப் பார்த்தவரையும் இழுக்கும், பார்க்காதவரையும் இழுக்கும். சாதி என்ற சொல் சீட்டில் வரவேயில்லை. புத்தகத்தில் அது மண்ணோடு மண்ணாக இருக்கிறது.

ரமணிசந்திரனை மட்டும் எடுத்துப் போகும் அக்காக்களைக் கிண்டல் செய்கிற அறிவாளிகள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. நூலகத்தின் எடுப்புப் பதிவேட்டை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள். காதல் கதை வேண்டுமென்றால் காதல் கதையே கொடுப்போம். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் எழுதிய 'புத்தம் வீடு' நல்ல காதல் கதை. பேர் பெற்ற குடும்பத்துப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். குமரி மாவட்டப் பனைவிளையில் அந்தக் காதலுக்கு எத்தனை வேலி என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். அதை முடித்தவருக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. பிலோமியை அவர் மறக்க மாட்டார். அங்கிருந்து சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. ஆண்கள் இல்லாத நேரத்தில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அத்தனையும் அதில் இருக்கிறது. தெரு வேறு, மதம் வேறு. ஆனால் மாமியாரும் நாத்தனாரும் மூடிய கதவும் அவருக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். மூன்றே புத்தகத்தில் அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று பாருங்கள். எந்த இடத்திலும் யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்தால் கண்ணீர்க் காவியம் என்று தோன்றும். புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைகளின் விளையாட்டு, கேலி, ஊர்க்கதை, சேட்டை என்று பக்கத்துக்குப் பக்கம் உயிர்த்துடிப்பு. கோபம் அதற்கு நடுவில் வருகிறது. அதனால்தான் சுரீரென்று தைக்கிறது. சீட்டில் சிரிப்பைத்தான் முதலில் சொல்வேன்.

ராஜம் கிருஷ்ணனுக்குத் தட்டில் பாதியைக் கொடுத்தாலும் தகும். முசிறியில் 1925இல் பிறந்தவர். 2025இல் அவருக்கு நூற்றாண்டு, நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருந்தது? பன்முகத்தன்மை என்ற சொல் கருத்தரங்குகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, தனக்குச் சம்பந்தமில்லாத வாழ்க்கையை நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதியவர். நீலகிரியின் படுகர் வாழ்க்கை 'குறிஞ்சித்தேன்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் 'கரிப்பு மணிகள்'. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் கருகிய பிள்ளைகள் 'கூட்டுக் குஞ்சுகள்'. சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்களைத் தேடிப் போய் எழுதியது 'முள்ளும் மலர்ந்தது'. சில இடங்களில் பிரச்சாரம் தூக்கலாக இருக்கும், உரையாடல் நீளும். அதை மறைக்கத் தேவையில்லை, சீட்டிலேயே எழுதுங்கள். குறையையும் சொல்கிற பரிந்துரையை வாசகர் நம்புவார். 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் நூல்கள் நாட்டுடைமை ஆயின. ஆகவே உங்கள் பிரதி கிழிந்து போயிருந்தாலும் நாவல் கிடைக்காமல் போகாது. 'கரிப்பு மணிகள்' சீட்டின் கீழே ஒரு படத்தின் பெயரையும் எழுதலாம்: ஃபரிதா பாச்சா இயக்கிய 'மை நேம் இஸ் சால்ட்' என்ற 2013ஆம் ஆண்டு ஆவணப்படம். குஜராத்தின் கட்ச் உப்பு நிலத்தில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தங்கி உப்பு எடுப்பதைக் காட்டுகிறது. பேச்சு மிகக் குறைவு. மொழி தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம்.

படங்களைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் புத்தகம் படிக்காதவர் இருக்கலாம், படம் பார்க்காதவர் இல்லை. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்தபோது ஐந்து பாகங்களையும் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்த வாய்ப்பு மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெனிஸ் திரைப்பட விழா வரை போன 'விசாரணை', கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் ஆந்திரப் போலீஸ் கொட்டடியில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'பிலிருந்து வந்தது. 'பரதேசி'க்கு மூலம் 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் புத்தகம் ஒன்று கன்னடப் படமாகி விருது வாங்கியிருக்கிறது. மூலம் நம் அலமாரியில் தூசி படிந்து நிற்கிறது. அந்தப் புத்தகத்தைப் பதிவுக்காக மேசைக்குக் கொண்டுவரக் கூச்சப்படும் வாசகரும் உண்டு. முன்னட்டை தெரிய, உங்கள் பெயரோடு, எல்லார் கண்ணிலும் படும்படி நின்றால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். நூலகரே படித்திருக்கிறாரே!

சில ஜோடிகள் ஒன்றையொன்று திருத்தும். தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் இருக்கிறது, 1965இல் வந்த படமும் புகழ்பெற்றது. அதோடு நின்றவருக்குக் கடற்கரை என்றாலே காதலும் சாபமும்தான். பக்கத்திலேயே ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' வையுங்கள். கடல் எப்படி இருக்கும் என்று கரையில் நின்று பார்த்தவர் எழுதியது ஒன்று, கட்டுமரத்துச் சனத்தில் பிறந்தவர் எழுதியது மற்றொன்று. இரண்டையும் படித்தவர் உங்களிடம் வந்து சண்டை போடுவார். அது நல்ல சண்டை. தகழியின் 'தோட்டியின் மகன்'கூட சு.ரா. தமிழில்தான் இருக்கிறது. அதோடு திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம். ஆலப்புழைத் தோட்டிகளின் கதை வந்து எழுபது ஆண்டு கழித்து எடுத்த படத்திலும் மனிதர்கள் அதே குழிக்குள் இறங்குகிறார்கள். இதைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள்.

வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வாங்கியது. அப்பனும் மகனும் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதோடு பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. வேறு வட்டாரம், அதே வெயில். ஆடு மேய்க்கும் பிள்ளைகள். மாரி செல்வராஜ் படங்களுக்கு அலைமோதும் இளைஞர்களிடம் அவருடைய 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' சிறுகதைத் தொகுப்பைக் கொடுங்கள். அது பிடித்தால் அடுத்தது ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. அகதி வாழ்க்கையைப் பற்றிக் கேட்பவருக்கு ஷோபாசக்தியின் 'கொரில்லா'. அதை எழுதியவரேதான் 2015இல் கான் விழாவின் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் நாயகன் என்று சொன்னால் நம்பாமல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

படம் எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று சீட்டில் எழுதாதீர்கள், அடிக்கடி மாறும். நூலகக் கூடத்தில் திரையிடுவதென்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். வாசகர் வட்டம் அந்த வேலையைச் செய்யலாம். அடி, உதை, சித்திரவதை இருக்கிற படமென்றால் ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள். 'விசாரணை'க்கு அது கட்டாயம்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். முகத்தையும் முகவரியையும் பார்த்துப் புத்தகம் கொடுக்காதீர்கள். காலனியிலிருந்து வருகிற பையனிடம் 'கருக்கு'வையும், தொப்பி போட்ட பெரியவரிடம் 'சாய்வு நாற்காலி'யையும் நீட்டுவது மரியாதை மாதிரி தெரியும். உண்மையில் அது 'உன் இடம் இது' என்று சொல்வது. அந்தப் பையனுக்கு விண்வெளிக் கதை பிடிக்கலாம், 'குறிஞ்சித்தேன்' பிடிக்கலாம். என்ன படித்தாய், எது பிடித்தது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதேபோல உங்கள் தட்டும் உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஆறு மாதமும் அதில் ஒரே தெருக்காரர்களின் புத்தகம் நின்றால், வாசகர் வாய் திறக்காவிட்டாலும் கவனிப்பார்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். நேரம் இல்லை என்பீர்கள். ஊர்ப்புற நூலகத்தில் பூட்டைத் திறப்பதும் பெருக்குவதும் பத்திரிகை அடுக்குவதும் பதிவேடு எழுதுவதும் சந்தா சேர்ப்பதும் ஒரே ஆள். சம்பளமும் பெரிதில்லை. இதற்கு மேல் ஒரு வேலையா என்று கேட்டால் எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. அதனால்தான் பட்டியல், அறிக்கை, மாதாந்திரப் படிவம் எதுவும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு புத்தகம் படித்து நாலு வரி எழுதினால் வருடத்தில் பன்னிரண்டு சீட்டு. மேலிடம் இதைத் திட்டமாக்கி, ஒவ்வொரு நூலகமும் இத்தனை சீட்டு ஒட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டால் இந்த யோசனை அன்றோடு செத்தது. படிக்காத புத்தகத்துக்கு அட்டையில் இருக்கிற வாசகத்தைப் பார்த்து எழுதிய சீட்டை எந்த வாசகரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது பதில் பயம். அதைச் சிறிதாகப் பேச மாட்டேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்து நாலு வருடம் சத்தமில்லாமல் இருந்தது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள், பிறகு கடையடைப்பு நடத்தினார்கள். எழுதியவரே எழுத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவிக்கும் நிலைக்குப் போனது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் புத்தகத்தைத் தடை செய்ய மறுத்தது, எழுத்தாளரின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்த பிறகும் சின்ன ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் நூலகருக்கு, நாலு பேர் வந்து மேசைமுன் நின்றால் தீர்ப்பு நகல் கைகொடுக்காது. உண்மைதான். ஆகவே உங்கள் ஊர்ச் சண்டையைச் சீட்டில் எழுதிப் பற்றவைக்கச் சொல்லவில்லை. உங்கள் ஊருக்கு எது தாங்கும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். தூரத்துத் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள்: உப்பளம், தேயிலைத் தோட்டம், கடல். யாராவது கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் நேர்மையான பதிலும் இருக்கிறது: இது துறை வாங்கிய புத்தகம், இத்தனை வருடமாக இதே அலமாரியில் இருந்தது, நான் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். எழுதிக் கேட்டால் நாங்களும் வாசகர் வட்டத்தின் பெயரில் எழுதித் தருகிறோம்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தாள், பேனா, பசை வாசகர்களின் பொறுப்பு. தட்டைத் துடைத்து வைக்கவும் ஆள் வரும். ஒரு மாதம் நின்றும் யாரும் தொடாத புத்தகத்தின் சீட்டை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். அப்போதும் போகவில்லையென்றால் அதை அலமாரிக்கே அனுப்பிவிட்டு வேறொன்றை நிறுத்துங்கள். எடுத்துப் போனவர் திருப்பும்போது, எத்தனை பக்கம் வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். முப்பது பக்கத்தோடு நின்றேன் என்றால் எந்த இடத்தில் நின்றார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து எதைக் கொடுப்பது என்று அதில் தெரிந்துவிடும். சீட்டில் இடம் விட்டுவைத்தால், படித்த வாசகர் தன் வரியையும் கீழே சேர்ப்பார். உங்களோடு உடன்படாத வரியாக இருந்தால் அதைக் கிழிக்காதீர்கள்.

எங்கள் ஊர் நூலகத்துக்கு நான் எழுதிக் கொடுக்கத் தயாராக வைத்திருப்பது 'புத்தம் வீடு' சீட்டு. முதல் சீட்டு மட்டும் உங்கள் பெயரில் வரட்டும்.

அன்புடன்,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்